மராத்தி அட்டைக்குள் ஒரு தமிழ்ப் புத்தகம்

பம்பாய் மின்சார ரயிலில் செய்தித்தாள் முழுதாக யாருக்கும் சொந்தமில்லை. காசு கொடுத்து வாங்கியவருக்கு வெளித்தாள் மட்டும்தான். நடுத்தாள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடையது. அவர் கையை நீட்டுவார், நீங்கள் உருவிக் கொடுப்பீர்கள், குர்லா வருவதற்குள் அது மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். நன்றி, வணக்கம் எதுவும் கிடையாது. எங்கள் ஊர் சாத்தான்குளத்தில் ஒருவர் கையிலிருக்கும் பேப்பரை எட்டிப் பார்த்தால் ‘கழுத்து சுளுக்கிக்கிடப் போவுது வே’ என்பார்கள். இங்கே எட்டிப் பார்க்காதவன்தான் கர்வி. இத்தனை வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டிய எனக்கே போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் இந்த வழக்கம் மறந்துவிட்டது. காரணம் பயம்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே இப்போது காற்று நமக்குச் சாதகமாக அடிக்கவில்லை. தெற்கேயிருந்து வந்தவர்கள் ஆபீஸ் வேலையையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள் என்று சுவருக்குச் சுவர் எழுதியிருக்கிறது. கன்னியாகுமரிக்காரன், மங்களூர்க்காரன், பாலக்காட்டுக்காரன் எல்லோருக்கும் ‘மதறாஸி’ என்று ஒரே பெயர். நமக்குள் யாராலும் கொண்டுவர முடியாத ஒற்றுமையை ஒரு வசவு கொண்டுவந்துவிட்டது. நம்மவர்கள் நிறைந்த மாட்டுங்காவில் சில ஓட்டல்களின் கண்ணாடி கல்லெறியில் போனது. கடைக்காரர்கள் தமிழ்ப் பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டார்கள். என்மேல் எறிந்து ஒரு கல்லை வீணாக்க யாருக்கும் மனசு வராது. ஆனாலும் நான் முன்னெச்சரிக்கைக்காரன். தமிழ் வாரப் பத்திரிகையை மராத்திச் செய்தித்தாளுக்குள் செருகி, மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து, முகத்தை மராத்தியாக வைத்துக்கொண்டு படித்துவந்தேன்.

அந்தச் சாயங்காலம் பக்கத்திலிருந்த தடித்த மனிதர் கையை நீட்டினார். ‘பீச்வாலா தேனா.’ நடுத்தாளைக் கொடு. நடுவில் இருந்ததோ தமிழ். நான் கொடுப்பதற்கு முன் அவரே உருவிவிட்டார். என் கால்கள் இரண்டும் தாமாகவே மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கிப் போய்விட்டன. மிச்ச உடம்பு மட்டும் இருக்கையில் கிடந்தது. அவர் பக்கத்தைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார், என்னைப் பார்த்தார். நான் கேட்காமலே ‘என் மனைவியுடையது’ என்றேன். அவர் ‘இதில் கிரிக்கெட் இல்லையே’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி, ‘கல்லெறி விழுந்தா எம்மேல விழட்டும்னு நெனச்சியளாக்கும்’ என்றாள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பைபிள் சங்கீதம் வாசிக்கும்போதுகூட என் பக்கம் திரும்பவில்லை.

இப்படிப்பட்ட வீரனுக்கு இந்த நேரம் பார்த்தா புத்தகம் வெளிவர வேண்டும்? கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா நான். குடியிருப்பு செம்பூரில். வருஷா வருஷம் ஊருக்குப் போகப் பெட்டி கட்டி, வருஷா வருஷம் போகாமல் நின்றுவிடும் ஒரு மனிதனைப் பற்றி ஒரு நகைச்சுவை நாவல் எழுதினேன். ‘பெட்டி கட்டியவர்’ என்று பெயர். ஒரு வருஷம் லீவு கிடைக்காது, ஒரு வருஷம் மனைவிக்குப் பிரசவம், ஒரு வருஷம் டிக்கெட் எடுத்த பிறகு மஞ்சள் காமாலை. அந்த மனிதன் யார் என்று நான் சொல்லவில்லை. என் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பச்சைத் தகரப் பெட்டிக்குத் தெரியும்.

இந்தப் புத்தகத்தை உலகமே படிக்க வேண்டும் என்றெல்லாம் நான் ஆசைப்படவில்லை. ஒரே ஒருத்தி படித்தால் போதும் என்றிருந்தேன். என் மகள் கிரேஸ். இங்கேயே பிறந்தவள், தாதரில் கல்லூரிக்குப் போகிறாள். இங்கிலீஷ், இந்தி, மராத்தி மூன்றும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் பேசுவாள். படிக்கச் சொன்னால், மழைத் தண்ணீரில் செங்கல் போட்டுத் தாண்டுகிறவள் மாதிரி எழுத்துக்கு எழுத்து காலை ஊன்றிப் பார்த்துத்தான் நகருவாள். முதல் பிரதியை அவள் மேசையில் வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது அது முகம் பார்க்கும் கண்ணாடி சாயாமலிருக்க முட்டாக நின்றுகொண்டிருந்தது. ‘எவ்வளவு வாசிச்சிருக்க, பிள்ள?’ என்றேன். ‘முன்னுரை பாதி அப்பா. எக்ஸாம் முடியட்டுமே’ என்றாள். எங்கள் வீட்டில் எக்ஸாம் முடிந்ததே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மாட்டுங்காவில் ஒரு சங்கத்தில், உள்ளூர் எழுத்தாளர்கள் தங்கள் நூலைப் பற்றியும் அது பிறந்த கதையைப் பற்றியும் பேசும் கூட்டம் வைத்தார்கள். சங்கச் செயலாளர் சேஷாத்ரி ஒரு பாங்கில் பெரிய வேலையில் இருப்பவர். மூன்றே பேச்சாளர்கள். காசி யாத்திரை நூல் எழுதிய ஓய்வுபெற்ற கணக்கதிகாரி ஒருவர், தாராவியில் பழைய இரும்புக் கடை வைத்துக்கொண்டு கவிதை எழுதும் பொன்னையா அண்ணாச்சி, நான். கிரேஸை வற்புறுத்தி அழைத்துப் போனேன். படிக்காவிட்டால் என்ன, காதால் கேட்டாவது ஆசை வரட்டும் என்று கணக்குப் போட்டேன். மூன்று நாள் கண்ணாடி முன் நின்று ஒரு பேச்சும் தயாரித்திருந்தேன். அதில் கடல் இருந்தது, நிலா இருந்தது, மனிதகுலம் இருந்தது. பெட்டி மட்டும் இல்லை.

வாசலில் பலகை இல்லை, மாடிப்படியில் விளக்கு இல்லை. சேஷாத்ரி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு விதிகளைச் சொன்னார். ‘மைக் கெடையாது. உரக்கப் பேசப்படாது. கைதட்டணும்னு தோணித்துன்னா தொடையில தட்டிக்கோங்கோ.’

‘கவிதைய எப்படி வே மெதுவாச் சொல்லுதது? அது என்ன, நோயாளிகிட்ட வெசாரிக்கதா?’ என்றார் அண்ணாச்சி.

‘கண்ணாடி ஒடஞ்சா நீர் மாட்டித் தருவீரா, ஓய்?’

‘எங் கடைல பழைய ஜன்னல் சட்டம் கெடக்கு. கண்ணாடிதான் இல்ல.’

கணக்கதிகாரி எழுந்தார். தம் நூலுக்குத் தூண்டுதல் கங்கை என்றார். முன்வரிசைக்கே கேட்கவில்லை. இருபது பேர் தொடையில் தட்டிக்கொண்டோம், கொசுக் கடித்தவர்கள் மாதிரி. சங்கத்தில் ஒரே ஒரு பொன்னாடை உண்டு. அதை அவருக்குப் போர்த்தி, அடுத்தவருக்காக உடனே உருவிக்கொண்டார்கள். அண்ணாச்சி தம் கவிதைகளுக்குத் தூண்டுதல் தாமிரபரணி என்றார். தாராவிக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது, சாக்கடை வாசம் ஒரு வரியில்கூட வரவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, ‘அதத்தான் நாள் முழுக்க மோந்துட்டு இருக்கம்லா, ராத்திரியும் எழுதணுமாக்கும்?’ என்றார். அதற்குத் தொடைத்தட்டல் பலமாக இருந்தது. பொன்னாடை என் தோளுக்கு வந்தது. வாயைத் திறந்தேன். அப்போது கதவை யாரோ தட்டினார்கள்.

இடுக்கு வழியாகப் பார்த்த சேஷாத்ரி வெளிறிப்போனார். வெள்ளைத் தொப்பி, வேட்டி, கையில் தடி போல ஒரு குடை. மராத்திக்காரர். அறையில் இருந்தவர்கள் புத்தகங்களின்மேல் உட்கார்ந்தார்கள். ‘பஜனை, பஜனைன்னு சொல்லிடுவோம்’ என்று கிசுகிசுத்தார் சேஷாத்ரி. மாட்டுங்காவில் பஜனையை யாரும் சந்தேகிப்பதில்லை. சொன்னால் போதுமா, பாட வேண்டாமா? நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான், அதுவும் பொன்னாடையோடு. பாகவதர் வேஷத்துக்கு எல்லாம் பொருத்தம். ஞானஸ்நானம் பெற்று, ஆலயப் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடுகிற நான் ராமநாமத்தை எடுத்துக் கொடுத்தேன். மெட்டு தெரியாததால் கிறிஸ்துமஸ் கீர்த்தனை ஒன்றின் மெட்டில் வந்தது. அண்ணாச்சி என் முதுகில் தாளம் போட்டார். கிரேஸ் துப்பட்டாவால் வாயை அடைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். இரண்டு வரி எங்களோடு பாடினார். நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு மராத்திப் பக்திப் பாட்டான அபங்கம் ஒன்றைத் தொடங்கினார். அப்படி ஒரு குரல். தெருவுக்கே கேட்டிருக்கும். முடிந்ததும் எல்லோரும் விதியை மறந்து கையைத் தட்டிவிட்டார்கள். அன்றைய இலக்கியக் கூட்டத்தில் சத்தமாகக் கைதட்டல் வாங்கியவர் அவர் மட்டும்தான்.

பிறகு அவர் பையிலிருந்து ஒரு கசங்கிய அச்சுத்தாளை எடுத்தார். என் புத்தகத்தின் முதல் பக்கம். ‘இதை எழுதியவர் யார்?’ என்று இந்தியில் கேட்டார். இருபது விரல்கள் என்னைக் காட்டின. அதிலும் சேஷாத்ரியின் விரல்தான் முதலில். வந்தவர் பெயர் மோரே. என் புத்தகம் அச்சான பரேல் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. எந்த அச்சு எந்தக் கட்டத்தில் கிடக்கிறது என்று கைக்குத் தெரியும், அவ்வளவுதான். முதலாளி கூட்டம் என்று சொன்னாராம், வந்துவிட்டார். ‘உங்கள் புத்தகத்தை ஒவ்வொரு எழுத்தாக நான்தான் எடுத்து வைத்தேன். உள்ளே என்ன இருக்கிறது, ஸாப்?’

என் புத்தகத்தைப் பற்றி ஒருவர் தானாக வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. கடலும் நிலாவும் மனிதகுலமும் இந்தியில் எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது சந்தைக்குப் போகிற இந்தி. ‘ஏக் ஆத்மி. காவ் ஜானா மாங்தா. நஹி கயா’ என்றேன். ஒரு ஆள். ஊருக்குப் போகணும். போகவில்லை.

‘பிர்?’ என்றார் மோரே. அப்புறம்?

‘பஸ்’ என்றேன். அவ்வளவுதான்.

அவர் என்னையே பார்த்தார். இவ்வளவுக்கா அத்தனை எழுத்தை எடுத்து வைத்தேன் என்று அந்த முகத்தில் தெரிந்தது. ஐந்து வருஷம் எழுதிய நாவல் ஏழு சொல்லில் முடிந்துவிட்டது. சிரிக்க வைக்கவென்று எழுதியதில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அப்போதுதான் கிரேஸ் எழுந்தாள். ‘நான் சொல்லுதேன், காகா’ என்று மோரேவைப் பார்த்து ஆரம்பித்து மராத்திக்குத் தாவிவிட்டாள். புத்தகத்தைப் படிக்காதவள் என்ன சொல்லப் போகிறாள்? அவள் புத்தகத்தைச் சொல்லவில்லை. பெட்டியைச் சொன்னாள். மராத்தியிலும் பெட்டிக்குப் ‘பேட்டி’ என்றுதான் சொல்கிறார்கள். நழுவி ஓடிய அந்தப் பேச்சில் நான் பிடித்துக்கொள்ள அந்த ஒரு சொல் அடிக்கடி வந்தது. மிச்சத்தை அண்ணாச்சி என் காதில் தமிழாக்க, அவள் சொன்னது இதுதான்: அப்பா ஒவ்வொரு வருஷமும் தன் தங்கை மகளுக்கு ஒரு கவுன் வாங்கிப் பெட்டியில் வைப்பார். பயணம் நின்றுபோகும். அடுத்த வருஷத்துக்குள் அந்தப் பெண் வளர்ந்துவிடுவாள் என்று கவுனை எனக்குக் கொடுத்துவிடுவார். என் சிறுவயதுப் புதுத்துணி எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்து வந்ததுதான். அதனால் அப்பா பெட்டி கட்டும்போதெல்லாம் நான் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணுவேன், இந்த வருஷமும் அப்பாவின் ரயில் போகக்கூடாது என்று.

மோரே சிரித்தார். சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். மராத்தி தெரிந்த நாலைந்து பேரும் சிரித்தார்கள். நான் எழுதி எழுதி வராத சிரிப்பு. மஞ்சள் காமாலையில் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த வருஷம், இவள் நீலக் கவுன் போட்டுக்கொண்டு வராந்தாவில் சுற்றிச் சுற்றி ஓடியது எனக்கு ஞாபகம் இருந்தது. பிள்ளை துக்கம் தெரியாமல் விளையாடுகிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அவள் ஜெபம் கேட்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். என் நாவலில் இந்த இடமே கிடையாது. சேஷாத்ரி என் தோளிலிருந்து பொன்னாடையை உருவி மோரேவுக்குப் போர்த்தினார். நான் பேசவில்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

திரும்பும்போது ரயிலில், ‘வாசிக்காமலே இவ்வளவு சொல்லிட்டியே’ என்றேன்.

‘அதான் எனக்குத் தெரியும்லா. இனிமே எதுக்குப்பா வாசிக்கணும்?’ என்றாள். தமாஷாகத்தான் சொன்னாள். அதன் பிறகு புத்தகம் கண்ணாடிக்கு முட்டாகவே நின்றது. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

மழை முடிந்ததும் அவள் கல்லூரி மலரில் ஒரு மராத்திக் கதை வந்தது. பெட்டிக் கதை. மலரை வெளியிட்ட அன்று, எழுதிய மாணவர்களை மேடையேற்றி, எது உங்களை எழுதத் தூண்டியது என்று கேட்டார்கள். இந்தக் கேள்வி மட்டும் எல்லா மொழிக்காரனுக்கும் உண்டு போலிருக்கிறது. மைக் இருந்தது, வாசலில் தோரணம் இருந்தது, கதவு அகலத் திறந்திருந்தது. நான் கடைசி வரிசையில், எல்லோரும் தட்டும்போது தட்டி, எல்லோரும் நிறுத்துவதற்கு முன் நிறுத்திக்கொண்டிருந்தேன். கிரேஸ் சொன்னதில் அப்பா, பெட்டி என்ற இரண்டு சொல் பிடிபட்டது. அவளுக்குச் சால்வையும் தேங்காயும் கொடுத்தார்கள். சால்வையைத் திருப்பி வாங்கவில்லை. தேங்காய் மறுநாள் சட்னியானது. கதையைப் படிக்க உட்கார்ந்தேன். தெரு பெயரும் ஸ்டேஷன் பெயரும் படிக்கிற அளவுக்குத்தான் எனக்கு அந்த எழுத்து. முதல் பத்தியில் பாதி தாண்டினேன். எக்ஸாம் முடியட்டுமே என்று சொல்லவும் எனக்கு வழியில்லை.

இப்போதெல்லாம் நான் செய்தித்தாள் சுற்றுவதில்லை. கல்லூரி மலருக்கு நல்ல கெட்டி அட்டை. என் நாவல் அதற்குள் கச்சிதமாக அடங்குகிறது. என் புத்தகத்தை நானாவது படித்து முடிப்போமே என்று ரயிலில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். நேற்று பக்கத்து இருக்கை மனிதர் கையை நீட்டினார். இந்தத் தடவை நான் உஷார். நடுவில் இருந்ததை மடியில் நழுவவிட்டு மலரை மட்டும் கொடுத்தேன். அவர் புரட்டிக்கொண்டே போய்க் கிரேஸின் கதையில் நின்றார். உதட்டோரம் சிரிப்பு வந்தது. மடியில் என் புத்தகம் அட்டையில்லாமல், ஊரறியத் தமிழாகக் கிடந்தது. இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டேன். குர்லா போனது. நான் இறங்க வேண்டிய செம்பூர் வந்தது. அவர் இன்னும் முடிக்கவில்லை. இன்னும் ஒரு பக்கம்தான் இருந்தது. திருப்பிக் கேட்க மனசு வரவில்லை. செம்பூரும் பின்னால் போய்க்கொண்டிருந்தது. நான் புத்தகத்தைப் பொத்தியபடி, எந்த இடத்தில் சிரிக்கிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.