அப்பாவின் நெஞ்சில் கசிவு

இருமல் வந்தால் எனக்கு முதலில் ஏறுவது காய்ச்சல் இல்லை, பயம். உடனே விரலில் ஒக்சிசன் மீற்றரைக் கொழுவிக்கொண்டு, என்ன நோயில் சாகப்போகிறேன் என்று கூகிளில் தேடத் தொடங்கிவிடுவேன். “தொண்ணூற்றெட்டுக் காட்டுது. எழும்பிப் போய்க் குப்பையை வெளியிலை வையுங்கோ” என்பாள் மனைவி. என் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதில் சிரிப்பதற்குக் கொஞ்சம்தான் உண்டு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எட்மண்டனில், கவுன்சில் என்கிற நகரசபை வாடகைக்குத் தந்த வீட்டில் இருந்தோம். வெறும் காய்ச்சல் என்று படுத்த அப்பா, ஐந்தாம் நாள் நியூமோனியா என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாஸ்க்கோடு கிடந்தார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆங்கிலம் வராது. வங்கி, கவுன்சில், என் பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் வீட்டு மொழிபெயர்ப்பாளன் நான்தான். டீச்சர் என்னைப் பற்றிச் சொல்லும் குறைகளையும் நானே மொழிபெயர்த்ததால், அம்மாவுக்கு என்மேல் நல்ல மதிப்பு.

டொக்டர் முழங்காலிட்டு, என் உயரத்துக்கு இறங்கிப் பேசினார். நுரையீரலில் உள்ள மிக மெல்லிய இரத்தக் குழாய்களின் உட்சுவரை வைரஸ் புண்ணாக்கிவிட்டதாம். அவை கசிந்து, காற்றுப் பைகளில் நீர் நிறைகிறதாம். சில குழாய்களைச் சின்னச் சின்ன இரத்தக் கட்டிகள் அடைத்துவிட்டனவாம். மூச்சு போகும் வழியும் வீங்கிக் கிடக்கிறதாம். காற்று போகிற இடத்துக்கு இரத்தம் வருவதில்லை, இரத்தம் வருகிற இடத்துக்குக் காற்றுப் போவதில்லை.

“அப்பாவின்ரை நெஞ்சுக்குள்ளை பைப் லீக்காம்” என்றேன்.

“என்னடா, பிளம்பர் மாதிரிக் கதைக்கிறாய்? டொக்டர் சொன்னதைச் சொல்லு!”

அப்பா மாஸ்க்கைச் சற்றுத் தூக்கினார். “கவுன்சிலுக்கு... ஃபோன் பண்ணு. ஆறு மாசத்திலை... ஆள் வரும்.”

மூன்று பேரும் சிரித்தோம். டொக்டர் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்க்க விரும்புகிறவர்கள் இருந்தால் இன்றைக்கே வந்துவிடுவது நல்லது என்றார்.

“இண்டைக்கு ஆக்கள் வந்து பாக்கலாமாம்” என்றேன்.

அம்மாவின் முகம் வெளித்தது. ஆட்களை விடுகிறார்கள் என்றால் ஆபத்து நீங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? சவுத்தாலில் இருந்த சித்தப்பாவுக்கு ஃபோன் எடுத்தார். “இனிப் பயமில்லையாம். நாளைக்கு வேலை முடிச்சு ஆறுதலா வாங்கோ.” பிறகு, கஞ்சி காய்ச்சிக்கொண்டு வாறன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

கஞ்சிப் போத்தலோடு நாங்கள் திரும்பியபோது, அப்பாவை மயக்கி, மூச்சு விடவைக்கும் மெஷினில் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் கண் திறக்கவேயில்லை.

மறுநாள் சித்தப்பா ஹோர்லிக்ஸ் போத்தலும் முந்திரிகைப் பழக் குலையுமாக வந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியும். டொக்டரோடு பேசிவிட்டு நேரே அம்மாவிடம் வந்தார்.

“அண்ணி, நேற்றே வரச் சொன்னவையாம். ஏன் நாளைக்கு எண்டு சொன்னனீங்கள்? அண்ணையோடை ஒரு வார்த்தை கதைச்சிருப்பனே!”

அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அடி நிச்சயம்.

“டொக்டர் சொன்னவர்தான், தம்பி” என்றார் அம்மா. “எனக்குத்தான் விளங்கேல்லை.”

அப்பாடா என்றிருந்தது. அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் முந்திரிகைப் பழப் பையைப் பிரித்தேன். அம்மாவுக்கும் இரண்டு நீட்டினேன். ஏன் வாங்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.