புளூட்டோவின் நடுப்பகல்

“டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, உள்ள அதுக்கு வேலை இருக்கு” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியபடி கோளரங்க வாசலில் அக்கா டிக்கெட் கிழிக்கிறாள். உள்ளே, குவிமாடத்தின் நடுவில், தம்பி காலரைச் சரிசெய்துகொண்டு நிற்கிறான். ஆபீசில் அவனுக்குப் பெயர் ‘புளூட்டோ சார்’. அக்கா எட்டாவதோடு நின்றவள், அவன் படித்தவன். “என் தம்பி பேசினா, கொட்டாவி விட வந்தவன்கூட வாயை மூடிடுவான்” என்பாள்.

“புளூட்டோ வெடிச்சுப் போச்சாமே சார்?” என்று யாராவது கேட்காத காட்சியே இல்லை.

“அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டுதான் இருக்கு. நாமதான் கோள் இல்ல, குறுங்கோள்னு மாத்தினோம். அதுக்கு இன்னும் தகவலே போகல.”

வெறும் வெள்ளைப் பனிக்கட்டி என்பவர்களுக்கு அதன் செம்பழுப்பு நிலத்தைக் காட்டுவான். “நம்ம நிலாவைவிடச் சின்னது. ஆனா அதுக்கே அஞ்சு நிலா. குடும்பஸ்தன்.”

கடைசியாகத்தான் அவனுடைய பெருமைக்குரிய இடம் வரும். “அங்க எப்பவும் கும்மிருட்டுன்னு நெனைக்கிறீங்க. தப்பு. சூரியன் ஒரு புள்ளிதான். ஆனா நடுப்பகல்ல புத்தகம் படிக்கலாம். பார்த்துடுவோமா?” மேசையிலுள்ள குமிழை மெல்லத் திருகுவான். பொழுது சாய்ந்த பின் மிஞ்சும் வெளிச்சம் அரங்கில் பரவும். கையிலுள்ள டிக்கெட்டின் எண்ணை முதலில் அவன் படிப்பான். பிறகு கூட்டம் படிக்கும். குமிழில் அளவுக்கோடு கிடையாது. “என் கண்ணுதான் அளவு” என்பான்.

அந்த நடுப்பகல் வரவர வெளுத்துக்கொண்டே போவதை அக்காதான் முதலில் கண்டாள். கோடையில் முன்வரிசை முகங்கள் மட்டும் தெரிந்தன. மழைக்காலத்தில், கடைசி வரிசையில் ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்திருந்ததுகூடத் தெரிந்தது. தம்பியின் பார்வை இனிக் குறையத்தான் செய்யும் என்று கண் டாக்டர் கைவிரித்துவிட்டார்.

“மேனேஜர் காதுக்குப் போச்சுன்னா இந்த மேசை போயிடும்கா. அப்புறம் உன் பக்கத்துல நின்னு டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான்” என்று தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

நேற்று மேனேஜரே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தம்பி குமிழைத் திருகினான். திருகிக்கொண்டே போனான். கூரையின் ஒட்டுகள், சுவரின் ஈரக்கறை, நாற்காலிகளின் கிழிசல் எல்லாம் வெளியே வந்தன.

“சார், புளூட்டோவுல வெயில் கொளுத்துதே” என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

“கொஞ்சம் பொறுங்க. இன்னும் நடுப்பகல் வரல.” டிக்கெட்டைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்திருந்தான். குமிழ் அதற்குமேல் திரும்பவில்லை.

அக்கா கதவை விட்டு உள்ளே வந்தாள். மேசையைத் தினமும் துடைப்பவள் அவள்; குமிழ் முன்பெல்லாம் எங்கே நின்றிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவன் கைமேல் கை வைத்து, அந்தப் பழைய இடத்துக்கே திருப்பி நிறுத்தினாள். அரங்கம் மங்கியது.

“இதுதான்டா” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

அவன் குமிழிலிருந்து கையை எடுத்தான். பிறகு, “இப்ப படிங்க” என்றான் கூட்டத்திடம்.

நாலாபக்கமும் எண்கள் எழுந்தன. அவன் தன் டிக்கெட்டை இரண்டாக மடித்து, மறுபடியும் மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.