வண்டிக்கு முன்னால் தெரியாத இடம்

சின்ன காரை விற்கச் சொன்னது என் மனைவிதான். ஒருநாள் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழிவிடுவது எங்கள் பக்கத்து முறை. ஊர் பார்க்க வந்த பெரிய வண்டி ஒன்று, அதெல்லாம் தெரியாமல் கொண்டை ஊசி வளைவை அடைத்துக்கொண்டு இறங்கி, எங்கள் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துவிட்டுப் போனது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன், அவன் நின்றால்தானே? பின்சீட்டில் எங்கள் ஆறு வயது மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நாமளும் பெருசா ஒன்னு வாங்கிப்போடலாமுங்க. எவன் இடிச்சாலும் புள்ளைக்கு ஒன்னும் ஆவக்கூடாது," என்றாள் மனைவி.

வாங்கினேன். பழைய வண்டிதான், ஆனால் நல்ல உயரம். பொய் சொல்வானேன், எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நின்றபோது எனக்குக் குளுகுளுவென்றுதான் இருந்தது. சின்ன காரைச் சோளக்காடு என்கிற ஊரில் பழக்கடை வைத்திருப்பவர் வாங்கிக்கொண்டார்.

ராகி அறுப்பு வந்தது. கதிரைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டிகளே மணியை உதிர்த்துவிடும். இந்தத் தடவை சொந்த வண்டியே இருக்கிறதே என்று, வீட்டுக்கு எதிரே முன்னும் பின்னுமாக ஓட்டினேன். மனைவி விளக்குமாற்றால் கதிரைத் தள்ளிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவளைக் காணோம். தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள் என்று நினைத்து வண்டியை நகர்த்தினேன்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. அக்கா முன்னால உக்காந்திருக்குதுங்க," என்று பக்கத்து வீட்டுப் பெண் கத்திக்கொண்டே ஓடிவந்தாள்.

பிரேக்கை மிதித்தேன். பானெட்டுக்கு மேலே மனைவியின் தலை எழுந்தது. கதிருக்குள் கிடந்த கல்லைப் பொறுக்க உட்கார்ந்திருக்கிறாள். இன்ஜினை அணைத்தேன்.

"ஒரு ஹாரன் அடிச்சா என்னங்க, கையா தேஞ்சு போயிரும்?" என்று திட்டினாள்.

பிறகு என்னை இறங்கவிடாமல், அவளே மகளைக் கூப்பிட்டு வண்டிக்கு முன்னால் நிற்கவைத்தாள். பிள்ளை தினமும் பள்ளி வேனுக்காக நிற்கிற இடம் அது.

"தெரியுதுங்களா?"

"தெரியல."

"கண்ணு, கையைத் தூக்கு சாமி. இப்பங்க?"

விரல் நுனி மட்டும் தெரிந்தது. அதைச் சொன்னேன்.

மனைவி மகளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "அந்தப் பழக்கடைக்காரருகிட்டக் கேட்டுப் பாருங்க, சின்ன காரைத் திருப்பிக் குடுப்பாரான்னு," என்றாள்.

மறுநாள் காலையில் பஸ் பிடித்துச் சோளக்காடு போனேன்.