முட்டை முழுகின நாள்

மரக்காணம் உப்பளத்தில் பத்தொன்பது வருஷமாக உப்பு வாரும் பவுலினுக்கு சீரியல் ஆகாது. மத்தியானம் சோறு சாப்பிடும்போது போனில் பிசிக்ஸ் வீடியோதான் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே வீடியோவோடு சண்டையும் போடுவாள்.

அன்றைக்கு வீடியோக்காரர் டம்ளர் தண்ணீரில் முட்டையைப் போட்டார். அது முழுகியது. ஸ்பூன் ஸ்பூனாக உப்பைக் கொட்டிக் கலக்கினார். முட்டை மேலே வந்தது. "தண்ணியோட அடர்த்தி கூடிடுச்சு, அவ்ளோதான் மேஜிக்! நீங்களும் செஞ்சு பாருங்க!"

"இதுக்கா இவ்ளோ அலட்டல்?" என்று பவுலின் சோற்று டப்பாவிலிருந்த அவித்த முட்டையை உரிக்காமலே பாத்தித் தண்ணீரில் போட்டாள். ஜம்மென்று மிதந்தது. போட்டோ பிடித்து கமெண்டில் போட்டாள்: "ஒரு ஸ்பூன் உப்புகூட போடல சார். மரக்காணம் உப்பளம்."

பதில் வந்தது: "சூப்பர் மேடம்! இப்போ இந்த முட்டை முழுகணும்னா என்ன செய்யணும்?"

"வேலையத்த கேள்வி," என்று முட்டையைத் துடைத்து உரித்துத் தின்றுவிட்டு வேலைக்குப் போனாள்.

நாலாம் நாள் கோடை மழை பிடித்துக்கொண்டது. விட்டதும் போய்ப் பார்த்தாள். வாரத் தயாராக இருந்த உப்பெல்லாம் கரைந்து, பாத்தி குளமாகக் கிடந்தது. இனி இருபது நாளைக்கு வேலை கிடையாது. கையோடு கொண்டுபோன முட்டையைப் போட்டாள். நேராக அடிக்குப் போய் உட்கார்ந்தது.

வரப்பில் நின்றபடியே அந்தக் கேள்விக்கு பதில் தட்டினாள்: "மழை பெய்யணும் சார்."

வீடியோக்காரர் மூன்று கைதட்டல் பொம்மை போட்டார்.