தாள் நூற்று முப்பத்தொன்று

திமோத்தியை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள் ஜீவன் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து சேர்ந்தார். சபைகளுக்குச் சிறு புத்தகங்கள் அச்சிட்டுக் கொடுப்பவர். வேதாகம உரை முடிந்துவிட்டது, ஈஸ்டருக்கு முன் கையில் தருகிறேன் என்று திமோத்தி இறப்பதற்கு ஒரு வாரம் முன்புதான் அவருக்குப் போன் செய்திருந்தார். மகள் புனிதா அப்பாவின் மேசையைத் துடைத்து, நான்கு நோட்டுப் புத்தகங்களை ரப்பர் பட்டையில் கட்டித் தயாராக வைத்திருந்தாள்.

"மைலோ கலக்கட்டுமா அங்கிள்?"

"அப்புறம்மா. ஃபெடரல் ஹைவேல ஜாமோ ஜாம். முதல்ல புத்தகத்தக் கண்ணால பாத்துடறேன். பத்து வருசமா அடுத்த வருசம், அடுத்த வருசம்னே ஓட்டிட்டாரு லா உங்கப்பா."

"கல்யாணத்துக்கு முந்தி எனக்கும் அதத்தான் சொன்னாரு" என்றார் புனிதாவின் அம்மா எவலின். அடக்கத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

திமோத்தி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அப்பா தண்டவாளத்தில் வேலை செய்தவர். மகன் கிள்ளான் துறைமுகத்தில் கிராணியாக முப்பத்தொரு வருடம் சரக்குப் பட்டியல் சரிபார்த்தார். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் ரயிலில். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் வேதாகமத்தின் மூலமொழியான எபிரெயத்தைப் படித்தார். சொல்லித் தர ஆளில்லை. ஊர் திரும்பிய ஒரு மிஷனரி விட்டுப்போன இலக்கணப் புத்தகம் மட்டும் இருந்தது. கூட்டமான நாளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே உதடசைப்பார். பக்கத்தில் நிற்பவர்கள் மந்திரம் சொல்கிறார் என்று நினைத்து விலகி நிற்பார்களாம். "எனக்கு மட்டும் எப்பவும் காத்தோட்டமா இடம் கெடைக்கும்" என்பார்.

வேதாகமத்தில் ஒரே ஒரு சிறிய ஆகமத்தைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். எரிந்து கிடக்கும் எருசலேமைப் பார்த்து அழும் ஐந்து பாடல்கள். முதல் நான்கும் எபிரெய எழுத்து வரிசைப்படி அடியெடுத்து வைப்பவை. ஐந்தாவது மட்டும் அந்த வரிசையைக் கைவிட்டுவிடுகிறது. ஏன்? அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் அவர் பத்தொன்பது வருடம் நடந்தார். விடை கிடைத்துவிட்டதா என்று, சபையின் உபதேசியாராக அவர் நடத்திய புதன்கிழமை வேதபாட வகுப்பில் யார் கேட்டாலும், "கடைசிப் பக்கத்துல இருக்கு. அச்சுல வரட்டும்" என்பார். புனிதாவுக்கும் அதே பதில்தான்.

ஜீவன் ரப்பர் பட்டையைக் கழற்றினார். முதல் இரண்டு நோட்டுகளில் முதல் இரண்டு பாடல்களுக்கான உரை, இடைவெளியே இல்லாமல், பொடி எழுத்தில். தலையாட்டிக்கொண்டே புரட்டினார். மூன்றாவதைத் திறந்ததும் தலையாட்டல் நின்றது. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நான்காவதைத் திறந்தார்.

"என்னம்மா இது?"

புனிதா எட்டிப் பார்த்தாள். இரண்டிலும் பக்கம் முழுக்க பாட்டு எண், வசன எண், தாள் எண். 3:1 — தாள் 1. 3:2 — தாள் 2, 3. அப்படியே இறங்கிக்கொண்டே போய், கடைசியில் 5:22 — தாள் 131.

"தாளெல்லாம் எங்க?"

"எந்தத் தாள் அங்கிள்?"

"வெங்காயத் தோல் மாதிரி இருக்குமே. ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வந்தப்ப வீசப்போன கார்பன் காப்பித் தாளு. புதன்கிழமை பாத்திருக்கேனே. அந்த ஜிப் வெச்ச பைபிள்ல, வசனத்துக்கு வசனம் உரை எழுதிச் சொருகி வெச்சிருப்பாரு. யாரையும் தொட விட மாட்டாரு."

புனிதா நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

அடக்கத்தன்று காலை, சவப்பெட்டிக்காரர் ராஜன், "கையில வெக்கிறதுக்கு அவரோட பைபிள் குடுங்க அக்கா" என்று கேட்டார். உபதேசியார் எவர் இறந்தாலும் சபையில் அதுதான் வழக்கம். மேசையில் இரண்டு இருந்தன. ஒன்று சபை பரிசாகக் கொடுத்தது, புத்தம் புதியது. மற்றது கறுப்புத் தோல் உரிந்து, ஜிப் மூட முடியாமல் மூடி, வயிறு புடைத்துக் கிடந்தது. எல்லார் வீட்டு வேதாகமமும் அப்படித்தான் புடைத்திருக்கும். பழைய ஆராதனைத் தாள், காய்ந்த குருத்தோலைச் சிலுவை, இறந்தவர்களின் நினைவு அட்டை. அவள் உள்ளே பார்க்கவில்லை. அப்பாவுக்கு எது பிரியமோ அதுவே அவரோடு போகட்டும் என்று, அந்தப் பழசைத்தான் எடுத்து, தன் கையாலேயே அவர் விரல்களுக்கு அடியில் வைத்தாள்.

"நான் பொதைச்சிட்டேன்" என்றாள். "நான்தான் பொதைச்சிட்டேன் அங்கிள்."

ஜீவன் நோட்டை மூடினார். பிறகு மெதுவாக, "பெர்மிட் எடுத்தா தோண்டலாம். ஆனா ஒம்பது நாளும் மழை. அந்தத் தாளு ஒரு நாள் ஈரம் தாங்காதும்மா" என்றார்.

அம்மாவை எப்படி எதிர்கொள்வது என்று புனிதா திரும்பினாள். எவலின் அழவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்குத் தெரியாதா?"

"என்னம்மா சொல்றீங்க?"

"நீ அத எடுத்தப்பவே நான் பாத்தேன். உள்ள என்ன இருக்குன்னும் தெரியும். நீ தெரிஞ்சுதான் வெக்கிறேன்னு நெனச்சேன் புனிதா. ஒன்கிட்ட அப்படிச் சொல்லிட்டுப் போயிருப்பாருன்னு நெனச்சேன். என்கிட்டதான் அவரு அதப் பத்திப் பேசமாட்டாரே. கேட்டா நீ சங்கடப்படுவேன்னு வாய மூடிட்டேன்."

ஒரே ஒரு வார்த்தை. அன்று காலை இருவரில் யாராவது ஒருவர் வாய் திறந்திருந்தால் போதும். புனிதா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"தோண்டுவோம்மா. ஒரு தாளாவது இருக்கும். கடைசித் தாள் மட்டுமாவது."

"நான் வேணாங்கல. ஆனா அவரு வெரல விலக்கித்தான் எடுக்கணும். ஒன்னால முடியுமா?"

புனிதா அந்த விரல்களை நினைத்தாள். ரயில் கம்பியைப் பிடித்த விரல்கள். வெளியே மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. ஜீவன் நோட்டுகளை அடுக்கி, பழையபடி ரப்பர் பட்டை போட்டு, எழுந்து நின்றார்.

"ரெண்டு பாட்டுக்கு முழுசா இருக்கு. அத மட்டும் சின்னப் புத்தகமா போட்டுடலாம்மா."

"இல்ல அங்கிள். நாலு நோட்டும் போடுங்க."

"மூணாவதுலயும் நாலாவதுலயும் வெறும் எண்தானேம்மா இருக்கு."

"அந்த எண்களப் போடுங்க. பக்கத்துல எடம் விடுங்க."

"நூத்தி முப்பத்தோரு தாளுக்கும் வெறும் எடமா? வாங்குறவன் அச்சுப் பிழைன்னு என்னைய ஏசுவான் லா."

"ஏசட்டும்" என்றாள் புனிதா. "ஏன்னு கேட்டா என் நம்பரக் குடுங்க. என்ன பண்ணேன்னு நானே சொல்றேன்."