திங்கட்கிழமை முழங்கை

1. ஜன்னலும் லாரியும்

சனிக்கிழமை தொண்ணூறு டிகிரி மடங்கிய முழங்கை, திங்கட்கிழமை எண்பதுதான் மடங்கியது. போன வாரமும் இப்படித்தான். அதற்கு முந்தைய வாரமும் இப்படித்தான்.

அறுபதுகளின் நடுப்பகுதி. பிசியோதெரபி படித்துவிட்டு பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எதையும் அளந்து எழுதிவைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டர் என் வெள்ளைக் கோட்டுப் பையிலேயே கிடக்கும்.

அந்த முழங்கைக்குச் சொந்தக்காரர் செல்லத்துரை. தாராவியில் குடியிருந்த பஸ் டிரைவர், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். வலது முழங்கையை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு ஓட்டுவது அந்தக் காலத்து டிரைவர்களுக்கு ஒரு ஸ்டைல். எதிரே வந்த ஒரு லாரி அந்த ஸ்டைலை உரசிக்கொண்டு போய்விட்டது.

முழங்கையின் நுனி எலும்பு இரண்டாகியிருந்தது. கையை நீட்ட உதவும் ட்ரைசெப்ஸ் தசை அந்த நுனியைத்தான் பிடித்திருக்கிறது. உடைந்த துண்டை அது மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். மாவுக்கட்டு மட்டும் போட்டால் சேராது. பெரிய டாக்டர் திறந்து, துண்டை இறக்கிப் பொருத்தி, நீளமான ஸ்க்ரூ ஒன்றை முடுக்கினார். மூன்று வாரம் மாவுக்கட்டு. பிறகு என்னிடம் அனுப்பினார். எக்ஸ்-ரேயில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மடக்குவதும் நீட்டுவதும்தான் பாக்கி.

அந்தப் பாக்கியில்தான் அவருடைய பிழைப்பே இருந்தது. லீவு முடிந்ததும் டிப்போ டாக்டர் சோதிப்பார். பஸ் ஸ்டியரிங் அந்த நாளில் செக்கு மாதிரி கனக்கும். அதைச் சுற்ற முடியாதவனுக்கு வண்டி கிடையாது.

"பஸ் கழுவுற எடத்துல போட்டுருவாவ சிஸ்டர். பதினோரு வருசமா ஓட்டுனவன், வாளியும் தொடப்பமுமா நின்னா நம்ம பயலுவ மொகத்துல எப்படி முழிக்க?" என்றார். நான் சிஸ்டர் இல்லை என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. அவர் காதில் ஏறவில்லை.

2. விசாரணை

மூன்றாவது திங்கட்கிழமை நான் போலீஸ்காரியாகவே மாறிவிட்டேன்.

"எண்ணெய் தேச்சு யாராவது நீவினாளா?"

"இல்லவே இல்ல. நீங்கதான் கூடாதுன்னுட்டியளே."

"தண்ணி வாளி தூக்கினேளா?"

"எங்க வீட்டம்மா தொடவே விடமாட்டா."

"பயிற்சி?"

"நாளுக்கு நாலு தடவ. கர்த்தர் சாட்சி."

பொய் சொல்லும் முகமில்லை. ஆனால் முழங்கை வீங்கி, தொட்டால் சுட்டது. பெரிய டாக்டர் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்மி ஆல்சி ஹை" என்று ஒரே வரியில் அவரைச் சோம்பேறியாக்கினார். வியாழக்கிழமை மயக்க மருந்து கொடுத்து, தானே கையை மடக்கிவிடுவதாகச் சொன்னார்.

முரட்டுத்தனத்தை முழங்கை மன்னிப்பதில்லை. பலவந்தமாக மடக்கினால் உள்ளே கிழிந்து ரத்தம் கட்டும். சில பேருக்குத் தசைக்குள்ளேயே எலும்பு முளைத்துவிடும். அப்படி ஒரு கையைப் படிக்கும்போதே பார்த்திருந்தேன். அது அதன் பிறகு மடங்கவே இல்லை.

"அடுத்த வாரம் வரைக்கும் விடுங்கள் சார்" என்று கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். செல்லத்துரையிடம், "ஞாயித்துக்கிழமை உங்காத்துக்கு வரேன்" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். நான் வேவு பார்க்க வருகிறேன் என்பது தெரியாமல், என்ன சமைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

3. பதினோரு பேர்

தாராவியில் ஒற்றை அறை வீடு. காலை ஆராதனை முடிந்து அவரும் மனைவி ஞானமும் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். எனக்கு ஸ்டூல் போட்டு டீ கொடுத்தார்கள். டீ ஆறுவதற்குள் முதல் ஆள் வந்துவிட்டார், ஞானத்தின் அண்ணன். கையில் சாத்துக்குடிப் பை.

"என்ன மாப்ள, எப்படி இருக்கு? எங்க, மடக்கும் பாப்போம்" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் ஒரு கையால் மணிக்கட்டையும் மறு கையால் முழங்கையையும் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். "ஆங்! போன வாரத்துக்கு இப்பம் தேவலயே!"

செல்லத்துரை கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். பல்லைக் கடிப்பதும் சிரிப்பதும் அவரிடம் ஒரே மாதிரி இருந்தது.

அடுத்து ஒரு சித்தப்பா. அவர் மடக்கவில்லை, நீட்டிப் பார்த்தார். பிறகு அண்ணி முறையில் ஒரு மைனி. பிறகு டிப்போ நண்பர் இருவர். ஒருவர் மடக்க, மற்றவர் "இன்னும் கொஞ்சம் போவும்ல" என்று கூடப் பிடித்தார். சர்ச் உபதேசியார் வந்து உருக்கமாக ஜெபம் செய்தார். அப்பாடா என்று மூச்சுவிட்டேன். ஆமென் சொன்ன கையோடு அவரும் ஒரு தடவை மடக்கிப் பார்த்தார்.

அதற்கப்புறமும் ஆட்கள் வந்தார்கள். எண்ணிக்கொண்டே இருந்தேன். மொத்தம் பதினோரு பேர்.

கூட்டம் போனதும், "இத ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்று கத்தினேன்.

"என்னத்த சொல்ல? அவுக வெசாரிக்கத்தான வந்தாவ?" என்று அவர் விழித்தார்.

ஞானம்தான் விளக்கினாள். "வராதவுகளப் பத்தித்தான் சிஸ்டர் எங்க ஊர்ல வருத்தப்படுவோம். வந்தவுகளத் தொடாதியன்னா மனசு நொந்துருவாவ."

ஊர் கூடித் தேர் இழுக்கலாம். முழங்கையை இழுக்கலாமா? எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பொறாமையும் வந்தது. எனக்கு ஒரு கை உடைந்தால் நான் குடியிருந்த மாதுங்கா கட்டடத்தில் எதிர் வீட்டுக் கதவாவது திறக்குமா என்று யோசித்தேன்.

4. சனிக்கிழமைக் கட்டு

பெரிய டாக்டர் கதையைக் கேட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார். "டீக் ஹை, தீன் ஹஃப்தா" என்று மூன்று வாரம் கொடுத்தார். சனிக்கிழமை மாலை பின்பக்கம் ஒரு மாவுக்கட்டுப் பட்டை வைத்துத் துணி சுற்றி அனுப்பு, திங்கட்கிழமை கழற்று என்றும் சொன்னார். யோசனை அவருடையது, கட்டியது நான். கட்டுப் போட்ட கையை எவரும் மடக்கிப் பார்ப்பதில்லை. தடவிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அந்தச் சனிக்கிழமை எண்பத்தெட்டு. திங்கட்கிழமை கட்டைப் பிரித்தேன். முதலில் இறுகியிருந்தது. வெந்நீர்ப் பை வைத்துவிட்டு, நான் நோட்டைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவரே மெதுவாக மடக்கி மடக்கி நீட்டினார். வீக்கம் இல்லை, சூடு இல்லை. அளந்தால் தொண்ணூற்றைந்து!

ஓய்வெடுத்த கை எப்படி முன்னேறும்? ஒரு நாள் போனாலே பின்தங்கிவிடும் என்றுதானே வார நாட்களில் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்? குழப்பத்தோடு, வழக்கம்போல, இன்னும் எவ்வளவு போகும் என்று பார்க்க மணிக்கட்டையும் முழங்கையையும் பிடித்துக் கடைசியாக ஓர் அழுத்து அழுத்தினேன்.

செல்லத்துரை கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு முறை பார்த்த அதே சிரிப்பு. பிடித்திருந்த பிடியும் அதே பிடி. அவர்களாவது வாரத்துக்கு ஒரு நாள். நான் ஆறு நாள், நோட்டில் எண் ஏற வேண்டும் என்பதற்காக. வேலியே பயிரை மேய்ந்த கதை. பன்னிரண்டாவது ஆள் நான்தான்.

"வலிக்கறதுன்னு ஏன் சொல்லலை?" என்றேன்.

"நீங்க அம்புட்டு ஆசையா பாக்குதிய. எப்படிச் சொல்ல?" என்றார்.

அன்று கோனியோமீட்டரை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். வாரத்துக்கு ஒரு முறைதான் எடுத்தேன், அதுவும் அவர் தானாக மடக்கிய இடம் வரைக்கும் அளக்க. மூன்றாவது வாரம் நூற்றிருபதைத் தாண்டியது. நீட்டுவதில் கொஞ்சம் குறை நின்றுவிட்டது. ஸ்டியரிங்குக்கு அந்தக் குறை பொருட்டில்லை.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அறுவை செய்த முழங்கையை அதன் சொந்தக்காரர் மடக்கட்டும். நம் ஆவலைத் தீர்த்துக்கொள்ள அது இடமில்லை.

டிப்போ சோதனையில் தேறிய அன்று காக்கிச் சட்டையோடு வந்து அறை வாசலில் நின்றார். "வண்டி குடுத்துட்டாவ சிஸ்டர்! கடைசியா ஒருக்கா அளந்து பாருங்க" என்று கையை நீட்டினார்.

ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, "அங்கேயே நின்னு மடக்கிக் காட்டுங்கோ" என்றேன்.

அவர் அந்த வலது கையாலேயே சட்டையின் கழுத்துப் பொத்தானைத் தானே போட்டுக் காட்டினார்.