என் மகளின் கறுப்புத் திரை

போன ஆடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் சும்மா திரும்பிப் போகவில்லை. ஆப்பிள் கொண்டுவந்தார்கள். விபூதி பூசினார்கள். என் மகளின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "இது எத்தனைன்னு சொல்லு பாப்போம்" என்றார்கள். சரியாகச் சொன்னால், "தெரியுதே!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தப்பாகச் சொன்னால் என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய் அழுதார்கள். நான் காபி போட்டுக் கொடுத்து அவர்களைத் தேற்றினேன். ஒருநாள் அவளிடம், "எப்படிடி சரியா சொல்ற?" என்று கேட்டேன். "எல்லாரும் ரெண்டுதாம்மா காட்டுறாங்க" என்றாள்.

இதைத் துக்கத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். கோபம்தான்.

அவள் மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு காய்ச்சல் வந்தது. அது விட்டதும் கண் நரம்பில் வீக்கம் என்றார்கள். ஒரு வாரத்துக்குள் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரங்களில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, அதுவும் கட்டைவிரல் உயரத்துக்கு இருந்தால், தலையைச் சாய்த்து ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்துவிடுவாள். மற்றதெல்லாம் மூட்டம். "இருக்கறதக் காப்பாத்துவோம்மா" என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதமும் தூங்கி எழுகிறேன்.

கல்லூரியில் துறைத்தலைவர் எங்களை நல்லபடியாகத்தான் நடத்தினார். எழுத்துத் தேர்வுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் செய்முறைத் தேர்வில் அவளே கணினியில் செய்து காட்ட வேண்டும் என்றார். சொந்த மடிக்கணினியைக் கொண்டுவரலாம். முடியாவிட்டால் பாடத்தை மாற்றிக்கொள்ளலாம், வரலாற்றில் இடம் இருக்கிறது. "வரலாறு படிக்கறவங்களுக்குக் கண்ணு வேணாமாம்மா?" என்று வெளியே வந்ததும் அவள் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானே பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்துகிறவள்.

வீட்டில் இருந்தது ஒரு பழைய மடிக்கணினி. எழுத்தைப் பெரிதாக்கும் மென்பொருளையும் திரையை வாசித்துச் சொல்லும் குரலையும் சேர்த்து ஓட்டினால் அது மூச்சுத் திணறிற்று. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னவள் அவள்தான். அதில் உள்ளே ஓடுவது ஒன்றுதான். மேலே கண்ணுக்குத் தெரிகிற முகப்பை, அதாவது மெனு எங்கே இருக்கும், ஜன்னல் எப்படித் திறக்கும் என்பதையெல்லாம், நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமாம். டெஸ்க்டாப் என்விரான்மென்ட் என்று அதற்குப் பெயர். பத்துப் பதினைந்து வகை இருக்கிறது என்றாள். ஒரு புடவை எடுக்கவே கடையைப் புரட்டிப்போடுகிறவள் நான். எனக்குத் தலை சுற்றியது.

ஒவ்வொன்றையும் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்த்தோம். குரல் பேசத் தொடங்கும்வரை திரையில் என்ன இருக்கிறது என்று நான் வாசிப்பேன். அவள் விசைகளை அழுத்துவாள். வகைகளின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் ஒரு கட்சி இருக்கிறது, சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஒன்று கண்ணைப் பறித்தது. ஜன்னல்கள் பறந்து வந்து திறந்தன, மூடும்போது நெளிந்து சுருங்கின. மிச்சமிருந்த பார்வையில் அந்த அசைவு மட்டும் பட்டு அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இன்னொன்று அந்தப் பழைய இயந்திரத்தில் பறந்தது. ஆனால் பெரிதாக்கினால் திரை மவுஸ் சுட்டியின் பின்னாலேயே ஓடியது, அவள் எழுதிக்கொண்டிருக்கும் வரி எங்கோ நின்றுவிட்டது. கடைசியாகக் கிடைத்தது எந்த அலங்காரமும் இல்லாதது. வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். பெரிதாக்கினால் எழுதும் இடத்தோடேயே திரையும் நகரும். குரல் தடங்கலில்லாமல் பேசும்.

"இதாம்மா" என்றாள்.

"பாக்க ஒண்ணுமே இல்லையேடி."

"அதனாலதான்."

பின்னணியைக் கறுப்பாக்கினாள். எழுத்தை மஞ்சளாக்கினாள். எந்த இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் எது திறக்கும் என்று ஒவ்வொன்றாக அமைத்தாள். கரண்ட் போன நேரத்தில் என் கை உப்புக்கும் சீரகத்துக்கும் தடுமாறாமல் போவதுபோல, தை பிறப்பதற்குள் அவள் விரல்கள் போக ஆரம்பித்தன. காய்ச்சலுக்குப் பிறகு அவள் பல்லைக் கடிக்காமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தது அந்தத் திரைக்கு முன்னால்தான்.

சம்பா அறுவடைக்கு என் கொழுந்தனாரும் நாத்தனாரும் சென்னையிலிருந்து வந்தார்கள். கொழுந்தனாருக்கு மென்பொருள் வேலை. வீட்டில் கணினி விஷயத்தில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. என் கணவர் மேகத்தைப் பார்த்துப் பயந்து, கொள்முதல் நிலையத்தில் நெல் குவியலுக்குக் காவலாகத் தார்ப்பாயோடு உட்கார்ந்திருந்தார். செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் அவளுக்குக் கண் பரிசோதனை இருந்தது. காலையில் நீடாமங்கலத்தில் ரயிலேறி, அவளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்விட்டு, சாயங்காலம் களைத்துத் திரும்பினேன்.

வாசலிலேயே கொழுந்தனார் நின்றார். "வாடா தங்கம். சித்தப்பா உனக்கு ஒரு சர்ப்ரைஸ் வெச்சிருக்கேன். லேப்டாப்பத் தொறந்து பாரு."

அவள் உட்கார்ந்து திறந்தாள். இரண்டு விசையை அழுத்தினாள். குரல் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். தலையைச் சாய்த்தாள், இன்னும் சாய்த்தாள், மூக்கு திரையில் படும் அளவுக்குப் போனாள்.

"அம்மா, இது என் லேப்டாப்பா?"

நான் எட்டிப் பார்த்தேன். அவளுக்குக் குமட்டியதால் நாங்கள் ஒதுக்கிய, ஜன்னல் பறக்கிற அந்த முகப்பு. திரை நிறைய மாரியம்மன். சிவப்புப் பட்டு, எலுமிச்சை மாலை, பொட்டு வைத்த முகத்தில் பெரிய வெள்ளிக் கண்கள். புரட்டாசியில் இவள் கண்ணுக்காக வேண்டி நாங்கள் வெள்ளிக் கண்மலர் வாங்கிச் சாத்திவிட்டு வந்த அதே அம்மன். அம்மன் மேல் சின்னச் சின்ன ஐகான் படங்கள் மிதந்துகொண்டிருந்தன.

"எப்படிடா இருக்கு?" என்றார் கொழுந்தனார். "பழசு பாக்கவே சகிக்கல. கறுப்பும் மஞ்சளுமா ஆட்டோ மாதிரி இருந்துச்சு. அத அப்படியே தூக்கிட்டு லேட்டஸ்ட் போட்டுட்டேன்."

"தூக்கிட்டீங்களா?"

"எடத்த அடைச்சுக்கிட்டு இருந்துச்சுடா. உன் ஃபைலெல்லாம் பத்திரமா இருக்கு."

"நான் வெச்ச ஷார்ட்கட்டு?"

"அதெல்லாம் எதுக்கு? இதுல எல்லாம் கண்ணுக்கு முன்னாடியே இருக்கு பாரு."

கண்ணுக்கு முன்னாடி! இந்த மனிதருக்கு ஊரில் எவ்வளவு மரியாதை. கல்யாணத்துக்கு மண்டபம் பார்ப்பதிலிருந்து மோட்டார் வாங்குவதுவரை எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் பெரியவர்கள் கூடிப் பேசித்தான் எடுப்பார்கள். யாருக்கு எடுக்கிறோமோ அவளிடம் மட்டும் கேட்பதில்லை. பார்வை போன பெண்ணுக்குப் பார்வைக்கு அழகானதைப் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறார்கள்.

"படம் நான் போடச் சொன்னது" என்றார் நாத்தனார், பெருமையோடு. "தொறந்ததும் அம்மன் மொகத்துலதான் முழிக்கணும். கண்ணு தெறக்கும்."

"சித்தப்பா, நாளைக்கு எனக்கு பிராக்டிகல்" என்றாள் மகள். குரலை உயர்த்தவில்லை.

"அதுக்காகத்தானடா. ஸ்டாஃபெல்லாம் அசந்துபோயிடுவாங்க."

"அம்மா, மொதல்ல அந்தப் படத்த எடு. எழுத்து எங்க இருக்குன்னே தெரியல."

நான் சுட்டியைப் பிடித்தேன். மாற்றுவதற்கான இடத்தைக் கண்டுபிடித்தேன். ஒரு சொடுக்குப் போதும். அங்கே என் விரல் நின்றுவிட்டது. புறம்போக்கில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிவிட்டால், அப்புறம் அந்த இடத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். என் மகளின் திரையிலும் அதைத்தான் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். சந்நிதியில் அந்த வெள்ளிக் கண்களைத் தட்டில் வைத்து நீட்டியபோது நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று என் மகளுக்குத் தெரியும், அம்மனுக்குத் தெரியும். எடுத்த பிறகு ஏதாவது ஆகிவிட்டால்?

நாத்தனார் அதைக் கண்டுகொண்டார். "அதுல கை வைக்காத. கண்ணு குடுக்குற தெய்வம். எடுத்தா இருக்கறதும் போயிடும்."

"இருக்கறத வெச்சுத்தான் அத்தை எழுத்தத் தேடிக்கிட்டிருக்கேன்" என்றாள் மகள். "அம்மன் மறைக்கிறா."

நான் சொடுக்கினேன். திரை கறுப்பானது. ஒன்றும் ஆகவில்லை. கூடத்து விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை.

"இப்படியாம்மா பண்ணுவ?" என்று நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பெத்தவளா நீ?"

இருபது வருஷமாக அந்த வீட்டில் நான் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"அக்கா, விரலக் காட்டி எண்ணச் சொன்னீங்க, பேசாம இருந்தேன். கல்யாணத்துக்கு யாரு கேப்பான்னு அவ காதுபடச் சொன்னீங்க, அப்பவும் பேசாம இருந்தேன். அவ மாசக்கணக்கா உக்காந்து தனக்குன்னு ஒரு எடத்தக் கட்டி வெச்சிருந்தா. ஒரு மத்தியானத்துல இடிச்சுட்டு, மேல சாமிய உக்கார வெச்சுட்டீங்க. பெத்தவளான்னு என்னக் கேக்கறீங்களா?"

"அண்ணி, நல்லதுக்குத்தான..." என்று கொழுந்தனார் இடையில் வந்தார்.

"தம்பி, உங்க கண்ணாடியக் கழட்டுங்க."

"எதுக்கு அண்ணி?"

"கழட்டுங்க. இந்தாங்க, என்னுதப் போட்டுக்குங்க. ஃப்ரேம் இதுதான் அழகா இருக்கு. நாளைக்கு இதப் போட்டுக்கிட்டே சென்னைக்குக் கார் ஓட்டிட்டுப் போங்க."

அவர் வாங்கவில்லை. என் கண்ணாடி என் கையிலேயே இருந்தது. எதிரே இருந்த இருவரும் எனக்கு மங்கலாகத் தெரிந்தார்கள். அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். இன்னும் நிறையக் கத்தினேன். மருமகளாக வந்த நாளிலிருந்து சேர்த்துவைத்ததெல்லாம் வந்தது. மடிக்கணினிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"அம்மா, கத்துனது போதும்" என்றாள் மகள். "ஃபோன்ல நெட்ட ஆன் பண்ணு. நான் அடிக்கறேன், என்ன வருதுன்னு நீ படி."

கொழுந்தனார் நாற்காலியை இழுத்தார். "நான் ரெண்டே நிமிஷத்துல போட்டுத் தரேன்டா."

"நீங்க தொடாதீங்க சித்தப்பா."

கட்டளைகளை எழுதும் ஜன்னலை நான் திறந்து கொடுத்தேன். அவள் மனப்பாடமாக அடித்தாள். வந்த ஆங்கில வரிகளை ஒவ்வொன்றாக, அர்த்தம் புரியாமலேயே, வாய்பாடு ஒப்பிப்பதுபோல வாசித்தேன். எழுத்தைப் பிழையாக வாசித்தால் திட்டினாள். பழைய முகப்பு இணையத்திலிருந்து இறங்கி வந்து, சாப்பாட்டு நேரத்துக்குள் இயந்திரக் குரல் பேசிவிட்டது. விசைகளை மட்டும் முதலிலிருந்து அமைக்க வேண்டியிருந்தது. சில நினைவுக்கு வந்தன, சில வரவில்லை. வராத ஒவ்வொன்றுக்கும் அவள் உதட்டைக் கடித்தாள். பக்கத்து அறையில் நாத்தனார் தொலைபேசியில் யாரிடமோ என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்குக் கேட்கட்டும் என்றே.

மறுநாள் ஆய்வகத்தில் அவளுக்கு ஓரமாக ஒரு மேசை போட்டிருந்தார்கள். "நீங்க பக்கத்துல உக்காந்துக்கலாம்மா" என்றார் மேற்பார்வைக்கு இருந்த ஆசிரியை. நான் நாற்காலியை நகர்த்தினேன்.

"வேணாம் மேடம்" என்றாள் மகள். "அம்மா வெளிய இருக்கட்டும்."

வராந்தாவில் நின்றேன். ஜன்னல் வழியே அவள் முதுகு மட்டும் தெரிந்தது. விரல்கள் ஓடும், நிற்கும். நிற்கும்போதெல்லாம், அவளுக்கு நினைவுக்கு வராத விசை இதுதானோ என்று ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். சென்னையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அந்தக் காரை மனதுக்குள் சபித்தேன். ஒருமுறை அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டாள். நான் கதவுவரை போய்விட்டேன். அதற்குள் மறுபடி அடிக்கத் தொடங்கினாள்.

இரண்டு நிரல், அதாவது புரோகிராம், எழுத வேண்டும். ஒன்று சரியாக ஓடியது. இன்னொன்றில் பிழை வந்தது. எந்த வரியில் பிழை என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள், திருத்துவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. துறைத்தலைவர் வந்து பார்த்தார். "அடுத்த செமஸ்டருக்கும் இதே மிஷினைக் கொண்டாம்மா" என்றார். வரலாற்றைப் பற்றி அவர் பேசவில்லை.

பேருந்தில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் இன்னும் பொருமிக்கொண்டிருந்தேன். இனிமேல் அவர்கள் வரட்டும், வாசல்படியிலேயே நிறுத்துகிறேன் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தேன்.

"வீட்டுக்குப் போனதும் பாஸ்வேர்ட மாத்தணும்மா" என்றாள். "நம்ம வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

"மாத்து. சித்தப்பாவுக்கு மட்டும் சொல்லிடாத."

"உனக்கும் சொல்ல மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. "நான் என்னடி பண்ணேன்? உனக்காகத்தான அத்தன சண்டையும் போட்டேன்?"

"போட்ட. ஆனா நான் எடுன்னு சொன்னதும் எடுக்கல. எவ்வளவு நேரம் கிளிக் சத்தம் வரவே இல்ல, கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் மீதி வழி முழுக்க முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே புதுப் பாஸ்வேர்டை அடிக்கும் சத்தம் கேட்டது. அதையே மறுபடி ஒருமுறை அடித்தாள். நான் காபி ஆற்றிக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். அவள் "வாம்மா" என்று கூப்பிடும்வரை உள்ளே போகவில்லை.